காசு கொடுத்து முகத்தில் கரி பூசுவது எப்படி?

நம்மவர்கள் பேச்சில் ஒருவர் முகத்தில் கரி பூசுவது என்றால், நாலு பேர் முன்னால் அவரைத் தலைகுனிய வைப்பது என்று அர்த்தம். இப்போது அதே கரியைச் சார்கோல் மாஸ்க் என்ற முகப்பூச்சாக ரியூபில் அடைத்து, கொழும்பு வெள்ளவத்தைக் கடைகளில் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்திருக்கிறார்கள். நாமே காசு கொடுத்து வாங்கி நாமே பூசிக்கொள்கிறோம். நானும் நாலைந்து வருடமாகப் பூசுகிறேன். ஆனால் முதல் தடவை பூசியபோது அந்தப் பழைய அர்த்தம்தான் பலித்தது.

மச்சாளின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. நடைபாதைக் கடையொன்றில் உரித்தெடுக்கும் வகை மாஸ்க் ஒன்று வாங்கினேன். பெட்டியில் எழுதியிருந்த மொழி எனக்கு வாசிக்கத் தெரியாத மொழி. நெற்றியிலிருந்து தாடைவரை தடிப்பாக அப்பிக்கொண்டு, ஃபானுக்குக் கீழே அரை மணித்தியாலம் இருந்துவிட்டு உரிக்கத் தொடங்கினேன். கன்னத்துப் பூனைமயிர் வந்தது. ஒரு புருவத்தின் வால் வந்தது. மேல்தோலும் கொஞ்சம் வந்தது. கல்யாணப் படங்களில் என் கன்னம் இரண்டும் சிவந்திருக்கின்றன. அதை எல்லோரும் வெட்கம் என்று நினைத்தார்கள். சிவப்பு போனபின் அதே இடம் கறுத்தது. அந்தக் கறுப்பு மறைய மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தது.

அதனால் இதை, புதிதாகப் பூசப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். குறிப்பாக, வடக்கு கிழக்கிலிருந்தோ மலையகத்திலிருந்தோ படிக்கவோ வேலைக்கோ கொழும்புக்கு வந்து, அனெக்ஸ் அறைக் கண்ணாடியில் எண்ணெய் வடியும் முகத்தைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்களுக்கு. திகைக்க வேண்டாம். இந்த ஊர்க் காற்றில் வருடம் முழுவதும் ஈரம். வியர்வை காயாது, எண்ணெயும் வியர்வையும் காலி வீதிப் புகையும் சேர்ந்து முகத்தில் ஒரு பூச்சாக நிற்கும். 100ஆம் இலக்க பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து புறக்கோட்டைவரை போய்விட்டு, வெள்ளைக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துப் பாருங்கள், தெரியும். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக் கற்பாறை ஊறிய கிணற்றுத் தண்ணீரில் முகம் கழுவிப் பழகியவர்களுக்கு இன்னொரு மாற்றமும் உண்டு. அங்கே சவர்க்காரம் நுரைக்கவே அடம்பிடிக்கும். இங்கே குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் தொட்டாலே நுரை பொங்கும். பழைய கணக்கில் தேய்த்தால் முகம் தேவைக்கு மேல் காய்ந்துபோகும்.

கரி என்ன செய்யும்?

மாஸ்க்கில் இருப்பது அடுப்புக்கரி அல்ல, உயிர்ப்பூட்டிய கரி. சிரட்டையையோ மரத்தையோ காற்று அதிகம் படாமல் கரியாக்கி, அந்தக் கரியை 800 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி நீராவியைச் செலுத்துவார்கள். அப்போது கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் திறக்கும். நல்ல கரி ஒரு கிராமை எடுத்து, அதன் துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் ஆயிரம் சதுர மீற்றர் வரும். கொழும்புக் கணக்கில் நாற்பது பேர்ச் காணி. யாழ்ப்பாணக் கணக்கில் நாலு பரப்பு. அத்தனையும் ஒரு தேக்கரண்டிக்குள்.

அந்தச் சுவர்களில் வேறு பொருட்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். கடற்பஞ்சு தண்ணீரைக் குடிப்பதுபோல உள்ளே இழுப்பது அல்ல இது, பரப்பின்மேல் ஒட்டுவது. உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்குப் புறத்துறிஞ்சல் என்ற சொல் ஞாபகம் வரும். தண்ணீர் வடிகட்டிகளில் நாற்றத்தையும் குளோரின் சுவையையும் பிடிப்பது இந்தக் கரிதான். விஷம் விழுங்கியவர்களுக்கு வைத்தியசாலையில் சில வேளை கரைத்துக் கொடுப்பதும் இதைத்தான். முதலாம் உலகப் போரில் நச்சு வாயுவுக்கு எதிரான முகமூடிகளில் தேங்காய்ச் சிரட்டைக் கரியை அடைத்தார்கள். கரிக்கும் மாஸ்க்குக்கும் உறவு அப்போதே தொடங்கிவிட்டது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு வேடிக்கை. சிரட்டையிலிருந்து இந்தக் கரியைச் செய்து உலகத்துக்கு அனுப்பும் நாடுகளில் இலங்கை முன்வரிசையில் இருக்கிறது. ஹேகார்ப் நிறுவனம் 1973இலிருந்து இதைச் செய்கிறது. நம்முடைய சம்பலுக்குத் திருவிய தேங்காயின் சிரட்டை கரியாகிக் கப்பலேறிப்போய், தங்கச் சுரங்கத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் வேலை செய்கிறது. அதில் ஒரு சிட்டிகை யாரோ ஒருவருடைய கிறீமுக்குள் புகுந்து, வெளிநாட்டுப் பெயரோடு திரும்பவும் கொழும்பில் வந்து இறங்கினாலும் ஆச்சரியமில்லை.

சரி, தண்ணீர் வடிகட்டியில் செய்யும் வேலையை முகத்திலும் செய்யுமா? இங்கேதான் விளம்பரம் ஓட்டம் பிடிக்கிறது. வடிகட்டியில் கரி வெறுமனே இருக்கும், அதன் துளைகள் காலியாக இருக்கும். ரியூபுக்குள் இருக்கும் கரியோ ஏற்கெனவே தண்ணீர், எண்ணெய், வாசனை என்று மாதக்கணக்கில் ஊறிக் கிடந்தது. துளைகளில் பல அங்கேயே நிரம்பியிருக்கும். மிச்சம் இருப்பதும் தோலின் மேற்பரப்பைத் தொட்டு நிற்கிறதே தவிர உள்ளே போவதில்லை. ஆகவே ‘உடலின் நச்சை உறிஞ்சி வெளியேற்றும்’ என்று பெட்டியில் இருந்தால் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். அந்த வேலைக்கு ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

கரி மாஸ்க் முகப்பருவைக் குணமாக்கும் என்று நிறுவிய பெரிய மருத்துவப் பரிசோதனை எதுவும் கிடையாது. கழுவும் வகை மாஸ்க்கில் நாம் உணரும் பலனில் பெரும்பங்கு, கரியோடு கலந்திருக்கும் களிமண்ணுடையது என்பது என் எண்ணம். கயோலின், பென்ரோனைட் இரண்டும் எண்ணெயை நன்றாக இழுக்கும் மண் வகைகள். கரி கூட நிற்கிறது, கறுப்பு நிறத்தைக் கொடுக்கிறது, கொஞ்சம் உதவியும் செய்கிறது.

அப்படியானால் எதற்குப் பூச வேண்டும்? எண்ணெய்ப் பளபளப்பு சில மணித்தியாலத்துக்குக் குறையும். தொட்டால் தோல் மிருதுவாக இருக்கும். மூக்கோரத்துத் துளைகளில் நிற்கும் எண்ணெய் கொஞ்சம் வடிவதால் அவை சிறியதாகத் தெரியும். கிழமைக்கு ஒரு தடவை ஒழுங்காகச் செய்தால் எண்ணெய்த் தோல்காரர்களுக்கு முகம் கொஞ்சம் லேசாக இருக்கும். இவ்வளவுதான். எனக்கு இது போதும். வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து வந்து பத்து நிமிஷம் யாரோடும் பேசாமல் இருக்க இது ஒரு நல்ல சாட்டும்கூட.

மூக்கில் தெரியும் கரும்புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. அது அழுக்கு அல்ல. துளையை அடைத்த எண்ணெயும் இறந்த தோல் கலங்களும் காற்றுப் பட்டுக் கறுத்தவை, அதிலே தோலின் நிறமியும் சேர்ந்திருக்கிறது. தேய்த்தால் போகாது. இன்னும் பலருடைய மூக்கில் இருப்பது கரும்புள்ளியே அல்ல. துளைக்குள் இயல்பாக நிற்கும் சாம்பல் நிற எண்ணெய். பிடுங்கினாலும் சில கிழமையில் திரும்ப நிரம்பிவிடும். உரித்தெடுக்கும் மாஸ்க்கில் முள்ளுமுள்ளாக ஒட்டிவருவதைக் காட்டும் வீடியோக்கள் பெரும்பாலும் இதையும் பூனைமயிரையும்தான் காட்டுகின்றன.

யார் பூசலாம்?

எண்ணெய்த் தோல், அல்லது நெற்றியும் மூக்கும் மட்டும் எண்ணெயாகவும் கன்னம் சாதாரணமாகவும் இருக்கும் தோல் என்றால் தாராளமாக முயன்று பார்க்கலாம். வறண்ட தோல், கரப்பான், அடிக்கடி சிவந்து எரியும் முகம் என்றால் வேண்டாம். வெடித்த பரு, புண், வெயிலில் வெந்த தோல், முந்தின நாள் த்ரெடிங் செய்த இடம், அன்று காலையில் சவரம் செய்த தாடை, இவற்றின்மேலும் வேண்டாம்.

பருவுக்கு வைத்தியர் ஐசோட்ரெட்டினொயின் குளிசை தந்திருந்தாலோ, இரவில் அடபலீன் போன்ற கிறீம் பூசிவந்தாலோ உரித்தெடுக்கும் மாஸ்க்கை நினைத்தும் பார்க்காதீர்கள். அந்த மருந்துகள் மேல்தோலை மெல்லியதாக்கும். உரித்தால் தோலோடு வரும். கழுவும் வகையையும் வைத்தியரிடம் கேட்டுவிட்டே பூசுங்கள்.

நம்முடைய மண்ணிறத் தோலுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, இதைப் பெட்டியில் எழுதமாட்டார்கள். எந்தக் காயமும் எரிச்சலும் ஆறும்போது நம் தோல் அங்கே கூடுதலாக நிறமியைக் கொட்டும். வெள்ளைத் தோலில் இரண்டு நாள் சிவப்போடு முடிவது நமக்கு மாதக்கணக்கில் கறுப்பாக நிற்கும். என் கன்னத்தில் நடந்தது இதுதான். ஆகவே ‘கொஞ்சம் எரிந்தால்தான் வேலை செய்கிறது’ என்ற பேச்சைக் கேட்காதீர்கள். எரிந்தால் கழுவுங்கள், அவ்வளவுதான்.

கடையில்

மூன்று நாலு வகை இருக்கும். கழுவும் கிறீம் வகை, உரிக்கும் ஜெல் வகை, துணிபோல முகத்தில் விரிக்கும் ஷீட், பிறகு பேஸ் வொஷ்ஷும் சவர்க்காரமும். புதியவர்களுக்கு நான் சொல்வது கழுவும் வகை ஒன்றைத்தான். பேஸ் வொஷ்ஷில் கரி இருந்து ஒன்றுமில்லை, அரை நிமிஷத்தில் கழுவுப்பட்டுப் போகிறது. ஷீட் மாஸ்க் குளிர்ச்சியாக இருக்கும், எண்ணெயை இழுக்காது.

பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசியுங்கள். உள்ளடக்கப் பட்டியலில் அதிகம் உள்ளது முதலில் வரும். கயோலின் அல்லது பென்ரோனைட் முதல் ஐந்தாறு பெயருக்குள் இருந்தால் அது எண்ணெயை இழுக்கும் மாஸ்க். பொலிவைனைல் அற்ககோல் முன்னால் இருந்தால் அது ஒட்டி உரியும் சாதி, வைத்துவிட்டு வாருங்கள். சார்கோல் பவுடர் என்பது பட்டியலின் அடிவாலில், வாசனைப் பொருளுக்கும் பின்னால் இருந்தால் பெயருக்குத்தான் போட்டிருக்கிறார்கள். கறுப்பு நிறம் எதையும் நிரூபிக்காது. சீ.ஐ. 77499 என்று ஒரு எண் இருந்தால் அது இரும்பு ஒக்சைட்டுக் கறுப்புச் சாயம். வாசனை குறைந்ததை எடுங்கள். மென்தோல் போட்டதும் வேண்டாம். அந்தச் சில்லென்ற உணர்வு குளிர்ச்சியல்ல, தோலைச் சீண்டுவது.

அப்புறம், இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இல்லாத, விலையும் காலாவதித் திகதியும் அச்சிடாத எதையும் வாங்காதீர்கள். நான் வாங்கியதில் இவை ஒன்றும் இருக்கவில்லை. திறந்த மூடியுள்ள சின்னப் போத்தல் படத்துக்குள் 12 என்று இருந்தால், திறந்து 12 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பொருள். போத்தலைவிட ரியூப் நல்லது. ஈரக் கையைப் போத்தலுக்குள் விட்டு விட்டு எடுத்தால் கொழும்பின் வெக்கைக்கு அதற்குள் வேறு குடித்தனம் தொடங்கிவிடும். கடையிலே ஒரு தடவைக்குரிய பக்கற் இருந்தால் முதலில் அதையே வாங்கிப் பாருங்கள். ஒத்துவராத ரியூபை அலுமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

‘வெள்ளையாக்கும் சார்கோல்’ என்று ஒன்று வரும். கரி யாரையும் வெள்ளையாக்காது. எண்ணெய் போனதால் கொஞ்ச நேரம் முகம் தெளிவாகத் தெரியும். அதைக் காட்டித்தான் விற்கிறார்கள். ஒரு கிழமையில் நிறம் மாறும் என்று சொல்லும் பெயரற்ற கிறீம்களில் பாதரசம் இருக்கலாம். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்படிப்பட்ட சாமானைக் கண்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்துச் சொல்லலாம்.

வீட்டிலேயே கலக்கலாமா?

கலக்கலாம், ஆனால் அடுப்புக்கரியை இடித்து அல்ல. அம்மம்மா உமிக்கரியால் பல் தேய்த்தார், சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிக்கைப்பெட்டியால் தாத்தாவின் சேட்டைத் தேய்த்தார்கள். அந்தக் கரியை முகத்துக்குக் கொண்டுவர வேண்டாம். அதில் சாம்பல் இருக்கிறது. சாம்பல் காரம், தோலைப் பொசுக்கும். அரைகுறையாக எரிந்த தார்ப் பொருட்களும் இருக்கும். எவ்வளவு இடித்தாலும் கூர்மையான துணுக்குகள் மிஞ்சும். மீன்தொட்டிக்கும் தண்ணீர் வடிகட்டிக்கும் விற்கும் குறுணிக் கரியும் இதற்கு அல்ல.

பாமசியில் உயிர்ப்பூட்டிய கரி குளிசைக்கூடாகக் கிடைத்தால் ஒன்றை உடைத்துக்கொள்ளலாம். முல்தானி மட்டி ஒரு தேக்கரண்டி, கரி கால் தேக்கரண்டி, தண்ணீரோ பன்னீரோ குழைய வரும் அளவுக்கு. தோல் கொஞ்சம் காய்ந்ததாக இருந்தால் தண்ணீருக்குப் பதில் புளிக்காத தயிர். கலக்கும்போது ஃபானை நிறுத்துங்கள். கரித்தூள் பறந்தால் மூக்குக்குள்ளும் போகும், படுக்கை விரிப்பிலும் இறங்கும். ஒரு தடவைக்கு மட்டும் கலந்து மிச்சத்தை எறியுங்கள். இதில் பழுதாகாமல் காக்கும் மருந்து எதுவும் இல்லை, நாளைக்கு வைத்தால் கிருமி சேரும்.

சேர்க்கக் கூடாதவை மூன்று. தேசிக்காய்ச் சாறு கடும் புளிப்பு. அதோடு அது பட்ட தோலில் வெயில் விழுந்தால் வெந்து கொப்பளித்துக் கறுக்கும், பகலில் காலிமுகத்திடலில் ஒரு சுற்று நடந்தாலே போதும். அப்பச்சோடா மறுபக்கம், காரம். தோல் தன்னுடைய இலேசான புளிப்பை இழந்து வறளும். மூன்றாவது, பசை. பாடசாலைப் பசையையும் கரியையும் கலந்து உரித்தெடுக்கச் சொல்லும் வீடியோக்கள் இன்னும் சுற்றுகின்றன. கடுதாசி ஒட்டுவதற்கு வாங்கிய பசை கடுதாசியோடு இருக்கட்டும்.

பூசும் நாள்

முதலில் சோதனை. காதுக்குப் பின்னாலோ முழங்கைக்கு உட்பக்கமோ ஒரு ரூபா நாணயம் அளவு பூசி, பத்து நிமிஷத்தில் கழுவிவிட்டு, இரண்டு நாள் பாருங்கள். ஒவ்வாமை உடனே தெரியாது. அடுத்த நாள் அரிப்பாகவும் வரும். கல்யாணம், நேர்முகத் தேர்வு, படப்பிடிப்பு எதற்கும் முந்தின கிழமை புதிய மாஸ்க்கைத் திறக்காதீர்கள். இதை யார் சொல்கிறார் என்று உங்களுக்குத் தெரியும்.

நேரம் பின்னேரம் அல்லது இரவு. காலையில் பூசிவிட்டு உடனே வெயிலில் இறங்குவது நல்லதல்ல. பழைய கறுப்பு ரீசேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, முடியை முழுக்கப் பின்னால் இழுத்துக் கட்டுங்கள். இந்த இடத்தில் ஒரு கேள்வி: தலைக்கு எண்ணெய் வைத்திருக்கிறீர்களா? தேங்காய் எண்ணெய் நெற்றி வழியே இறங்கி முன்முடி ஓரத்தில் பருவைக் கிளப்புவது நம்மில் பலருக்கு நடக்கும். மாஸ்க் போடுவதைவிட அந்த எண்ணெயைக் குறைப்பதே சிலருக்குக் கூடுதல் பலன் தரும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டின் உள் துணியைக் கழுவுவதும் அப்படித்தான்.

மென்மையான பேஸ் வொஷ்ஷால் ஒரு தடவை முகத்தைக் கழுவி, ஒற்றி எடுத்துக்கொள்ளுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம். ஆவி பிடித்தால் துளை திறக்கும், குளிர் தண்ணீர் பட்டால் மூடும் என்பார்கள். துளைக்குக் கதவும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. இலேசான ஈரத்தோடு இருக்கும் முகத்தில், மூக்கு, நெற்றி, தாடை என்று எண்ணெய் வடியும் இடங்களில் மட்டும் மெல்லியதாகப் பூசுங்கள். முகம் முழுக்கப் பூச வேண்டும் என்று சட்டமில்லை. கண்ணைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். உதட்டிலும் மூக்குத் துவாரத்துக்குள்ளும் புருவத்திலும் வேண்டாம். கரி புருவத்துக்குள் போனால் நாளைக்கு அலுவலகத்தில் யாராவது மை அப்பியிருக்கிறதே என்று கேட்பார்கள்.

பூசியபின் ஃபானை நிறுத்துங்கள், அல்லது அதற்குக் கீழே இராதீர்கள். நான் செய்த பிழைகளில் இதுவும் ஒன்று. ஃபான் காற்றில் மாஸ்க் ஐந்து நிமிஷத்தில் ஓடாகக் காயும்.  களிமண்ணை முழுக்கக் காயவிட்டால் தோல் இழுபட்டு வறளும். வெடித்துப் பொருக்காகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஓரம் வெளிறி, நடுவில் விரல் வைத்தால் கொஞ்சம் ஒட்டுகிறது என்ற பதத்தில் கழுவ வேண்டும். முதல் நாள் ஐந்து நிமிஷம். ஒத்துக்கொண்டால் அடுத்த கிழமை எட்டு. பத்தைத் தாண்ட எனக்கு இன்றுவரை தேவை வந்ததில்லை.

கழுவுவதில்தான் முகம் அதிகம் நோகிறது. தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளி ஒற்றி, மாஸ்க்கை முதலில் ஊறவிடுங்கள். சேறாக இளகியபின் விரல் நுனியால் வட்டமாக நகர்த்தினால் தானாக இறங்கும். காய்ந்த மண்ணைத் துவாயால் தேய்த்தெடுப்பது மண்தாள் போடுவதற்குச் சமம். முடியோரம், காதுமடல் அடி, மூக்கு மடிப்பு இவற்றில் கரி ஒளிந்திருக்கும். நனைத்த பஞ்சால் எடுக்கலாம். துடைக்க ஒரு கறுத்தத் துவாயைத் தனியாக வையுங்கள்.

பிறகு

முகம் இலேசான ஈரத்தோடு இருக்கும்போதே மொய்ஸ்சரைசர் பூசுங்கள். கொழும்புக்கு ஜெல்போன்ற இலேசானது போதும். எண்ணெய்த் தோலுக்கு அது வேண்டாம் என்று பலர் விடுவார்கள். விட்டால் இழுபட்ட தோல் எரியும், அடுத்த நாள் என்ன பூசினாலும் சுரீரென்று பிடிக்கும். அன்று இரவு ஸ்க்ரப் வேண்டாம், சலிசிலிக் அசிட் வேண்டாம், பரு மருந்தும் வேண்டாம். பரு மருந்தைப் பூசிவிட்டு அதன்மேல் மாஸ்க் போடுவதும் வீண். கரிக்கு எது மருந்து எது எண்ணெய் என்று தெரியாது, மருந்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு போய்விடும்.

மறுநாள் காலையில் சன்ஸ்கிறீன், எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு மாஸ்க்குக்குச் செலவழித்து சன்ஸ்கிறீனை மிச்சம் பிடிப்பது, கூரை போடாத வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி. இரண்டுக்கும் காசு போதாவிட்டால் சன்ஸ்கிறீனை வாங்குங்கள்.

கிழமைக்கு ஒரு தடவை. மிகவும் எண்ணெய் என்றால் இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். கழுவியபின் சிரிக்கும்போது கன்னம் இழுக்கிறது, செதில் செதிலாக உரிகிறது, வழக்கமான கிறீம் எரிகிறது என்றால் நிறுத்திவிட்டு இரண்டு கிழமைக்குத் தோலைச் சும்மா விடுங்கள். ஒரு மாதம் பூசியும் ஒரு வித்தியாசமும் தெரியாவிட்டால் உங்கள் தோலுக்கு இது தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். முடிந்தால் முதல் நாளே அதே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஞாபகம் செலவழித்த காசின் பக்கம் சாயும்.

மாஸ்க்கால் முடியாதவை

பருதான் முக்கியப் பிரச்சினை என்றால் கரியை விடுங்கள். பென்சொயில் பெரொக்சைட், அடபலீன், 0.5 முதல் 2 வீதம்வரை சலிசிலிக் அசிட், இவற்றுக்குத்தான் மருத்துவ ஆதாரம் இருக்கிறது. பலன் தெரிய எட்டுப் பன்னிரண்டு கிழமை எடுக்கும். கர்ப்பிணிகள் அடபலீன் பூசக்கூடாது.

நெற்றியில் ஒரே அளவில், ஒரே மாதிரி, அரிக்கும் சின்னச் சின்னப் பொரிகள் வந்து, வியர்க்க வியர்க்கக் கூடுகிறதா? அது பரு அல்லாமல் தோலில் வாழும் ஒரு பூஞ்சையின் வேலையாக இருக்கலாம். ஈரமான ஊர்களில் இது அடிக்கடி வரும். இதற்குப் பூஞ்சைக்கு எதிரான மருந்து வேண்டும், கரியும் பரு கிறீமும் ஒன்றும் செய்யாது. தொட்டால் நோகும் பெரிய கட்டிகள், குழி விழும் தழும்பு, மாஸ்க் பூசியபின் கண் இமை வீங்குவது, இவற்றுக்கும் வைத்தியரிடம்தான் போக வேண்டும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தோல் நோய்ச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, கட்டணம் கிடையாது. காலையிலேயே போங்கள், வரிசை இருக்கும். பூசிய மாஸ்க்கின் பெட்டியையும் கையோடு கொண்டுபோனால் எது ஒத்துவரவில்லை என்று பார்க்க அவர்களுக்கு லேசு.

கடைசியாக, பேசின். வெள்ளைப் பீங்கானில் கரி காய்ந்தால் வளையமாகப் பிடிக்கும், தரை ஓட்டின் இடுக்குச் சீமெந்தில் போனால் இன்னும் மோசம். முகம் கழுவி முடித்த கையோடு பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுப் பழைய பற்தூரிகையால் ஒரு தேய் தேய்த்து, தண்ணீரை நன்றாக ஓடவிடுங்கள். எங்கள் வீட்டுக்கார அன்ரி ஒருநாள் கதவைத் தட்டி, “பிள்ளை, பாத்ரூமுக்குள்ள அடுப்பு மூட்டினீங்களோ?” என்று கேட்டார். அன்றைக்கு வாங்கிய பற்தூரிகை இன்னமும் பேசினுக்குக் கீழேதான் இருக்கிறது.